மோசடி விழிப்புணர்வை உங்கள் கடையில் தொடங்குவது எப்படி? அடிபட்டுக் கற்ற வழிகாட்டி

எங்கள் கடை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ என்று எல்லாம் கலந்த வியாபாரம். நானும் இரண்டு ஊழியர்களும்தான். ஒரு நாள் மாலை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காதில் போனை வைத்தபடியே வந்து, ஆதார் அட்டைக்கும் பாஸ்புக்கின் முதல் பக்கத்துக்கும் ஜெராக்ஸ் கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். மேசை ஓரத்திலேயே சாய்ந்து நின்று, போனில் இருந்தவன் சொல்லச் சொல்ல எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அதே மனிதர், ஒரு புகார் மனு டைப் அடித்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 48,000 ரூபாய் போயிருந்தது, எங்கள் மேசையில் சாய்ந்து நின்ற அந்தப் பத்து நிமிடத்தில்.

அவர் தலைக்கு நேர் மேலே ஒரு ஃபிளெக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. சைபர் குற்றங்களைத் தடுப்போம் என்று தலைப்பு, கீழே 18 எச்சரிக்கைகள். நான்தான் காசு கொடுத்து அடித்து மாட்டியிருந்தேன்.

அதன் பிறகு ஒன்றரை ஆண்டு விதவிதமாக முயன்று, பணத்தையும் நேரத்தையும் வீணாக்கி, எது வேலை செய்கிறது என்று ஒருவழியாகப் பிடிபட்டிருக்கிறது. நீங்களும் அதே சுற்றுவழியில் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மருந்துக் கடை, ஜவுளிக் கடை, உரக் கடை, அச்சகம், எதுவாக இருந்தாலும் முறை ஒன்றுதான். விளம்பரத்துக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

1. ஒரே ஒரு மோசடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லா மோசடியையும் பற்றிச் சொல்ல ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கடைக்கு யார் வருகிறார்கள், அவர்களிடம் எந்தக் கதை சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

ரீசார்ஜ் கடைக்கு வருகிறவர்களுக்கு, ‘இன்று இரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்ற குறுஞ்செய்தி. மருந்துக் கடைக்கு ஓய்வூதியர்கள் நிறைய வருவார்கள். அவர்களைப் பிடிப்பது, போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பிலேயே கைது செய்திருப்பதாக மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’. உரக் கடைக்கு வரும் விவசாயியின் வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் பெயரில், திறந்தால் போனில் திருட்டுச் செயலியை ஏற்றிவிடும் ஏபிகே கோப்பு வரும். நகைக் கடையில் சொல்ல வேண்டியது ஹால்மார்க் எண்ணைப் பற்றி: இலக்கங்களும் எழுத்துகளும் கலந்து மொத்தம் ஆறு குறிகள் கொண்ட எச்யுஐடி எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் வாடிக்கையாளரே சரிபார்க்கலாம். அதைக் கல்லாவிலேயே செய்து காட்டும் நகைக் கடைக்காரர் மீது நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் எங்கள் தெரு அச்சகக்காரரிடம் நான் கொடுத்த யோசனை இது. பத்திரிகை உறையின் பின்பக்கத்தில் ஒரே வரி: ‘எங்கள் அழைப்பிதழ் படமாகத்தான் வாட்ஸ்அப்பில் வரும். ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால் திறக்காதீர்கள்.’ அச்சுக்கூலி எதுவும் கூடவில்லை. ஒரு கல்யாணத்துக்கு 500 பத்திரிகை என்றால் 500 வீடு.

2. எண்களையும் விவரங்களையும் சரிபாருங்கள்

இதில் நான் வெட்கப்பட்டது நிஜம். என் முதல் ஃபிளெக்ஸில் உதவி எண் 155260 என்று போட்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதைப் பார்த்து எழுதியது. அது பழைய எண், மாறி வெகுநாளாகியிருந்தது. எச்சரிக்கை செய்யப் போய்த் தவறான எண்ணைக் கொடுத்தால், ஏமாந்தவரின் பொன்னான அரை மணி நேரத்தை நாமே தின்றுவிடுகிறோம்.

இப்போது பயன்படுத்த வேண்டியவை: இணையவழிப் பண மோசடிக்கு 1930. பொருள், சேவை பற்றிய நுகர்வோர் புகாருக்கு 1915. வங்கி நம் புகாரைக் கண்டுகொள்ளாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்புப் பிரிவின் 14448. சந்தேகத்துக்குரிய அழைப்பையும் குறுஞ்செய்தியையும் தெரிவிக்கத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதி.

விவரங்களில் நீங்கள் தயங்காமல் சொல்லக்கூடியவை சில உண்டு. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் எதுவுமே கிடையாது. வங்கி இணையதளங்கள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்பது 2025இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு. குறுஞ்செய்தி அனுப்புநர் பெயரின் கடைசியில் கோடு போட்டு ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அரசு, ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ (T) என்றால் பணப் பரிவர்த்தனை, ‘பி’ என்றால் விளம்பரம். மின் இணைப்பைத் துண்டிப்பதாக வரும் செய்தி சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தால், அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

கவனம்: எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் கூகுளில் தேடி எடுத்துப் போடாதீர்கள். தேடலில் மேலே வருவதே மோசடிக்காரனின் எண்ணாக இருக்கலாம்.

3. ஊருக்குச் சொல்வதற்கு முன் உங்கள் கடையைப் பாருங்கள்

கடையின் க்யூஆர் அட்டை மேல் வேறொரு க்யூஆர் ஸ்டிக்கரை இரவோடு இரவாக ஒட்டிவிட்டுப் போவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. தினமும் கடை திறந்ததும் உங்கள் போனிலிருந்து அந்த அட்டையை ஸ்கேன் செய்து, யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். 1 ரூபாய் அனுப்பிப் பார்த்தாலும் சரி. அட்டையைக் கடைக்கு வெளியே தொங்கவிடாதீர்கள்.

பணம் அனுப்பியதாகக் காட்டும் திரையை நம்பிப் பொருளைக் கொடுக்கக் கூடாது. அதேபோன்ற திரையைக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. பணம் வந்ததைக் கடையின் ஒலிப்பெட்டி சொல்ல வேண்டும், அல்லது உங்கள் கணக்கில் தெரிய வேண்டும்.

இன்னொன்று. வாடிக்கையாளரின் போனை வாங்கி நாமே ஓடிபி பார்த்து நாமே போடும் பழக்கம் எங்களைப் போன்ற கடைகளில் உண்டு. ‘தம்பி, நீங்களே பார்த்துப் போட்டுருங்க’ என்று அவர்களே நீட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு, ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று சுவரில் எழுதினால் எவர் நம்புவார்? எங்கள் கடையில் இப்போது போனைக் கையில் வாங்குவதில்லை. எண்ணை அவரே படித்து அவரே போடுவார்; நாங்கள் பக்கத்தில் நிற்போம். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கூடுதலாகிறது. முதல் மாதம் சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

4. வாசகமும் அதை வைக்கும் இடமும்

‘ஃபிஷிங் மோசடிகளில் சிக்காதீர்’ என்று எழுதினால், அந்தச் சொல் தெரிந்தவருக்கு எச்சரிக்கை தேவையில்லை, தெரியாதவருக்குப் புரியாது. மோசடிக்காரன் பேசும் வாக்கியத்தையே போடுங்கள். எங்கள் அட்டையில் இருந்தது இது:

‘“உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ அழைப்பைத் துண்டிக்காதீர்கள்” என்று யாராவது சொன்னால், உடனே துண்டியுங்கள். போலீஸ் போனில் கைது செய்யாது. பணம் போய்விட்டால் 1930.’

அவ்வளவுதான். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவரும் படிக்க வேண்டும்.

சுவரில் உயரமாக மாட்டுவது வீண். போனை எடுத்துப் பணம் அனுப்பும்போது கண் எங்கே போகிறதோ அங்கே வைக்க வேண்டும்: க்யூஆர் அட்டைக்குப் பக்கத்தில், மேசை மேல் படுக்கையாக. ஏ4 தாளில் அச்சிட்டு லேமினேட் செய்ய, வெளியே கொடுத்தாலும் 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 12 சதுர அடி ஃபிளெக்ஸுக்கு நான் கொடுத்தது 240 ரூபாய். அது இப்போது கடையின் பின்புறம் மழைக்குத் தார்ப்பாயாக நல்ல வேலை செய்கிறது.

பில்லின் அடியிலும் ஒரு வரி போடலாம். இங்கே ஒரு சிக்கல் வரும். சிறு பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் ஆசையாக வரியைச் சேர்த்துவிட்டு முதல் பில்லை அடித்தால், கேள்விக்குறியும் கட்டமுமாக வந்தது. பில் மென்பொருள்காரரை அழைத்துக் கேட்டதில் வழி கிடைத்தது: வாசகத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாகச் செய்து, லோகோ வைக்கும் இடத்தில் ஏற்ற வேண்டும். அவர் வந்து போனதற்கு 500 ரூபாய். உங்கள் மென்பொருளில் அடிப்பக்கம் படம் வைக்கும் வசதி இருந்தால் நீங்களே செய்துவிடலாம்.

மூன்று இடங்களில் கால் இடறும். ஒன்று, அட்டையில் ‘மேலும் அறிய ஸ்கேன் செய்யுங்கள்’ என்று க்யூஆர் வைப்பது. தெரியாத க்யூஆரை ஸ்கேன் செய்யாதே என்று சொல்லும் அட்டையிலேயே க்யூஆர்! இரண்டாவது, கம்பீரமாக இருக்கும் என்று அசோகச் சின்னத்தையோ காவல் துறை முத்திரையையோ போடுவது. அரசுச் சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மோசடிக்காரர்களும் அதே சின்னத்தைத்தான் காட்டுகிறார்கள். மூன்றாவது, ‘இந்த எண்ணில் பேசுகிறவன் திருடன்’ என்று யாருடைய எண்ணையோ படத்தையோ ஒட்டுவது. தவறான ஆளாக இருந்தால் வழக்கு உங்கள் மேல்தான்.

5. ஊழியர் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்துச் செலவழித்ததைவிட இது அதிகம் உதவியிருக்கிறது, செலவும் இல்லை.

ஏமாற்றப்படுகிறவர் அந்த நேரத்தில் எந்தப் பலகையையும் படிக்க மாட்டார். காதில் ஒருவன் இருக்கிறான். யாரிடமும் பேசாதே, சொன்னால் மகனையும் கைது செய்வோம் என்று மிரட்டிக்கொண்டிருக்கிறான். அந்தக் குரலுக்குப் போட்டியாக இன்னொரு மனிதக் குரல்தான் எடுபடும்.

யாரைக் கவனிக்க வேண்டும் என்று எங்கள் ஊழியர்களுக்குச் சொல்லியிருப்பது: போனைக் காதிலிருந்து எடுக்காமலே பணம் அனுப்புகிறவர், வழக்கமாகப் பேசுகிறவர் இன்று முகம் கொடுக்காமல் நிற்பது, பாஸ்புக், ஆதார் நகல்களை அவசரமாகக் கேட்டுவிட்டு அதைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்புவது, ‘பத்தாயிரம் ரூபாய்க்கு கிஃப்ட் கார்டு கிடைக்குமா’ என்று ஒரு பாட்டி கேட்பது.

கேள்வி இதுதான்: ‘ஐயா, பணம் அனுப்பச் சொன்னவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?’ பெண்ணாக இருந்தால் ‘அம்மா’. ஏமாறாதீர்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியாதா என்று கோபம் வந்துவிடும். கேள்வி கேட்டால் பதில் யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்குள் காதில் இருப்பவனின் பிடி கொஞ்சம் தளர்கிறது.

பேச முடியாத நிலையில் இருப்பவருக்காக மேசை இழுப்பறையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். தபால் அட்டை அளவு, பெரிய எழுத்தில்: ‘யாராவது மிரட்டுகிறார்களா? பேச வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்கள்.’ சென்ற ஆண்டு ஒரு அம்மா கையில் போனைப் பிடித்தபடி நின்றார். கடையில் வேலை செய்யும் பெண் சீட்டை நீட்டினாள். அந்த அம்மா அதை இரண்டு முறை படித்தார். தலையை ஆட்டவில்லை, போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பணம் அனுப்பப்படவில்லை.

எல்லா முறையும் இப்படி நடக்காது. இரண்டு பேர் எங்களைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் உண்மையிலேயே மருமகனுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டோம்.

பயிற்சிக்கு ஒரு மணி நேரம் போதும். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒருவர் மோசடிக்காரராகவும் ஒருவர் வாடிக்கையாளராகவும் நடித்துப் பார்த்தோம். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

6. ஏமாந்தபின் வந்து நிற்பவருக்கு

முதல் வேலை 1930க்கு அழைப்பது. மனு எழுதுவதும், எப்படி ஏமாந்தீர்கள் என்று கதை கேட்பதும் பிறகு. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். தாவி முடித்து வெளியே எடுக்கப்படுவதற்குள் தெரிவித்தால், எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்க வாய்ப்பு உண்டு. எங்கள் ஆசிரியர் ஒரு இரவு முழுக்க யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். மகளுக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று பயம்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: பரிவர்த்தனையின் அடையாளமான யுடிஆர் எண் (யுபிஐ என்றால் 12 இலக்கம்), தேதி, நேரம், தொகை, வங்கிப் பெயர், கணக்கு எண், பணம் போன யுபிஐ முகவரி அல்லது கணக்கு, அழைத்தவனின் எண். அழைத்ததும் குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். அதைக் கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளமான ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’னில் 24 மணி நேரத்துக்குள் முழுப் புகாரைப் பதிவு செய்துவிட வேண்டும். அடையாளச் சான்று, வங்கி அறிக்கை, ஸ்கிரீன்ஷாட்டுகள் தேவைப்படும். வாட்ஸ்அப் உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடுவார்கள், அழிக்க விடாதீர்கள்.

வங்கிக்கும் அன்றே எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, தேதியுடன் முத்திரை வாங்கச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரும் வங்கியும் தவறு செய்யாமல் மூன்றாமவரால் நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளர் தலையில் விழாது. ஓடிபியை அவரே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது அவருடையது. தெரிவித்த பிறகு போனால் வங்கியுடையது. ஆகவே எப்படிப் பார்த்தாலும் தாமதம் கூடாது.

பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று சில நாளில் இன்னொரு அழைப்பு வரும். அதையும் இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

ஜெராக்ஸுக்கும் பிரிண்ட் அவுட்டுக்கும் இவர்களிடம் நாங்கள் காசு வாங்குவதில்லை. மாதத்துக்கு 100 ரூபாய்கூட ஆகாது.

7. கூட்டம் நடத்துவதாக இருந்தால்

தனிக் கடையாக நடத்தாதீர்கள். வணிகர் சங்கத்தின் பெயரில் நடத்துங்கள். நான் தனியாக ஒரு அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு மேசையைக் காட்டினார்கள். சங்கத்தின் கடிதத் தாளில் போனபோது ஒரே தடவையில் வாங்கிக்கொண்டார்கள்.

பேச்சாளருக்கு இரண்டு இடங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம்; கடிதத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதி, நகலை நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர். நிதிக் கல்வி ஆலோசகர்களை அவர் வழியாக அழைக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கடிதத்தில் இரண்டு தேதிகள், இடம், எத்தனை பேர், தொடர்புக்கு ஒருவர் பெயர் ஆகியவை இருக்கட்டும். மண்டபம் கொடுப்பவரின் ஒப்புதல் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள். ஒலிபெருக்கி வைத்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் அனுமதி. சாலையோரம் பேனர் வைக்க உள்ளாட்சி அனுமதி தேவை. பேனரே வேண்டாம் என்பது என் கருத்து.

எங்களுக்குக் கடிதம் கொடுத்ததிலிருந்து கூட்டம் நடக்க 24 நாட்கள் ஆயின. தேநீர், மைக், நாற்காலி எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். 60 பேர் வந்தார்கள், அதில் பாதி கடைக்காரர்களே. இந்தக் கணக்கு எனக்கு உவப்பாக இல்லை. கூட்டம் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்துக்கு நாம் போவது மேல். ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டால் பத்து நிமிடம் கிடைக்கும். பள்ளிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் இருக்கின்றன. ஆனால் அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியர் சம்மதித்தால் மட்டும் போதாது, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்வரை கடிதம் போக வேண்டியிருக்கும். ஒரு மாதம் ஒதுக்குங்கள். மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை நாள், டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாள். அந்த வாரங்களில் அலுவலகங்களே ஆள் தேடிக்கொண்டிருக்கும், அனுமதி எளிது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் எதையும் வைக்காதீர்கள், நமக்கே நேரம் இருக்காது.

வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். அதற்கு நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவு முறையில் முன்பதிவு செய்ய வேண்டும். சிறு கடைக்கு இது கட்டுப்படியாகாது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் போதும்: ஒரு பட்டியலில் 256 பேர்வரை, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். சேர்ப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். பில்லுக்காக வாங்கிய எண்ணுக்கு இதை அனுப்புவது முறையல்ல.

8. அட்டையை மாற்றிக்கொண்டே இருங்கள்

இரண்டு மாதம் ஒரே அட்டை இருந்தால் அது மேசையின் நிறமாகிவிடும். எங்களிடம் ஐந்து அட்டைகள் இருக்கின்றன. காலண்டரைப் பார்த்து மாற்றுகிறோம். இப்போது இருப்பது பகுதிநேர வேலை அட்டை: டெலிகிராமில் ரேட்டிங் போட்டால் பணம் என்று ஆரம்பித்து, முதலில் 150 ரூபாய் கொடுத்துவிட்டுப் பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வது. தேர்வு முடிந்து சும்மா இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்காக வைத்தது. கமிஷனுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும் என்றும் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. ஜூன் முதல் வாரம் இதை எடுத்துவிட்டு, பள்ளி திறக்கும் நேரத்தில் பெற்றோருக்கு வரும் ‘உங்கள் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது’ அழைப்பைப் பற்றிய அட்டையை வைக்க வேண்டும். அதற்கான வாசகம் இன்னும் சரியாக அமையவில்லை. 22 சொல் இருக்கிறது, 15க்குள் கொண்டுவர வேண்டும்.